விளையாட்டு வகுப்புக்கு விலக்குக் கடிதம்: ஆஸ்துமா உள்ள 13 வயது மாணவிக்கு உடற்பயிற்சி பழக்கிய நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகரைச் சேர்ந்த 13 வயது மாணவி. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நான்கு வயதிலிருந்து இழுப்பு. நுரையீரல் மருத்துவர் ஒருவர், "மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நடக்கவும் ஓடவும் நீங்கள் பழக்குங்கள்" என்று எழுதி எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பியிருந்தார். தாயின் பையில் இன்னொரு கடிதமும் இருந்தது. மாணவி மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வேறொரு மருத்துவரிடம் வாங்கியது அது. கடினமான விளையாட்டுகளில் இவளை ஈடுபடுத்த வேண்டாம் என்று இரண்டே வரிகள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அதை நகலெடுத்துப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாக பி.டி. பீரியடில் அவள் வேப்பமரத்தடியில் மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பெற்றோரின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். இதைப் போன்ற கடிதங்கள் இன்றும் எழுதப்படுகின்றன. எழுதுகிறவர்களின் அக்கறையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஓடும் பிள்ளைக்கு இழுப்பு வந்தால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்றே முதலில் எண்ண வேண்டும். பிள்ளையை உட்கார வைத்தால் அந்த அறிகுறி மட்டும் மறைந்துபோகும். நோய் அப்படியே இருக்கும், உடலும் சேர்ந்து தளரும்.

வந்தபோது இருந்த நிலை

உயரம் 148 செ.மீ., எடை 54 கிலோ. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் பகலில் நெஞ்சு இறுக்கம், வாரம் ஒரு முறையாவது இரவில் இருமி எழுவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் 'புகை வைத்து', அதாவது நெபுலைசர் வைத்து, திரும்பியிருக்கிறார்கள். பள்ளியில் இரண்டாம் மாடிக்கு ஏறினாலே மூச்சு வாங்கியது. மூக்கடைப்பும் தும்மலும் ஆண்டு முழுவதும் இருந்தன. இதை வீட்டில் யாரும் நோயாகக் கருதவில்லை. மூக்கு அடைத்திருந்தால் வாய்வழியாகத்தான் மூச்சுவிட வேண்டும். ஓடும்போது அது எவ்வளவு கெடுதல் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு சால்புட்டமால் பம்ப், அதாவது சுருங்கிய மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் மருந்து, இருந்தது. பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். "வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது சொல்லிக் காட்டுவார்கள்" என்று ஆயா, அவள் பாட்டி, சொல்லியிருக்கிறார். பம்பை எடுத்துவரச் சொல்லி, எப்படி இழுப்பாள் என்று செய்து காட்டச் சொன்னேன். குலுக்கவில்லை. வாயைத் திறந்து நாக்கின் மேல் அடித்துவிட்டு உடனே மூச்சை வெளியே விட்டாள். அந்த டப்பாவில் 200 பஃப் வரைதான் மருந்து இருக்கும். அதற்குப் பிறகும் அழுத்தினால் வாயு சீறிக்கொண்டு வரும், மருந்து இருக்காது. வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்றார் தாய். ஆக, இவளுக்கு பம்ப் பயன்படவில்லை என்று குடும்பம் நம்பியதற்கு அடிப்படையே இல்லை. மருந்து ஒரு நாளும் சரியாக உள்ளே போகவில்லை.

ஊதவைத்து மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, மருத்துவர்கள் எஃப்.ஈ.வி.1 என்று சொல்வது, 1.62 லிட்டர். அவள் உயரத்துக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் இது 74 சதவீதம். ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய், வைத்து 400 மைக்ரோகிராம் சால்புட்டமால் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 1.90 லிட்டராக உயர்ந்தது. 17 சதவீத ஏற்றம். சுருங்கிய மூச்சுக்குழாய் மருந்துக்கு விரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆக்சிஜன் அளவு 98 சதவீதம். இதயத்தில் கோளாறு இல்லை. இரத்தசோகையும் இல்லை. இந்த வயதுப் பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்தால் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் விடக்கூடாது.

அன்று அவளை ஓடவைத்துச் சோதிக்கவில்லை. மூச்சுத்திறன் குறைந்து, இரவிலும் தொந்தரவு இருக்கும் பிள்ளையை ஓடவைத்தால் இழுப்பை நாமே வரவழைத்ததாக ஆகிவிடும். முதலில் மருந்து, பிறகு ஓட்டம் என்று மருத்துவரும் நானும் முடிவு செய்தோம்.

மருந்தும் வீட்டின் அச்சமும்

மருத்துவர் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு பம்ப் காலை ஒரு முறை, இரவு ஒரு முறை என்று நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எழுதினார். மூச்சுக்குழாயின் உள்சவ்வில் இருக்கும் அழற்சியைக் குறைப்பது இதுதான். சால்புட்டமால் அவசரத்துக்கு மட்டும். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா, 2019 முதல் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்துச் சமாளிக்கும் பழைய முறையைப் பரிந்துரைப்பதில்லை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புடெசோனைடும், மூச்சுக்குழாயை நெடுநேரம் விரித்து வைக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே பம்பைக் கொடுக்கும் முறையை அது முதலிடத்தில் வைக்கிறது. இந்தக் குடும்பம் அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறது. மாதம் தவறாமல் கைக்குக் கிடைக்கும் மருந்தே நல்ல மருந்து என்று மருத்துவர் கருதினார். நானும் அப்படியே நினைக்கிறேன். மூக்குக்குத் தனியாக ஸ்ப்ரே கொடுக்கப்பட்டது.

"ஸ்டீராய்டா மேடம்? வளர்ச்சி நின்றுவிடும் என்கிறார்களே" என்றார் தாய். இந்தக் கேள்வியை ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. இவள் உட்கொள்ளும் அளவில் ஆண்டுக்கணக்காகப் புடெசோனைடு எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை கவனித்திருக்கிறார்கள். முழு உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. இதைச் சொன்னேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இழுப்பு முற்றும்போது இவளுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். பம்பில் ஒரு நாளில் போவது 0.4 மில்லிகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. இதையும் சொன்னேன். கட்டுப்படாத ஆஸ்துமாவும் பிள்ளையின் வளர்ச்சியைக் கெடுக்கும். தந்தை ஆட்டோ ஓட்டுபவர். அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்படியானால் நாம் பயந்து பயந்து பெரிய அளவைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோமா?" என்று கேட்டார். அதன் பிறகு பம்ப் பீரோவிலிருந்து வெளியே வந்து பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. இழுத்தவுடன் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால் அந்த இடம் வசதியாகவும் இருந்தது.

வீட்டில் மாற்றச் சொன்னவை சில. அறைக்குள் கொசுவத்தி கொளுத்துவதை நிறுத்திக் கொசுவலை கட்டுவது, வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அவள் படுக்கும் அறைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது, மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூசணத்தை அவ்வப்போது துடைப்பது, தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவது. ஆயா தரும் தூதுவளை ரசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பம்புக்குப் பதிலாக அதைக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது நிமிடத்தில் நின்றது எதனால்?

எட்டு வாரம் கழித்து எஃப்.ஈ.வி.1 1.98 லிட்டர், அதாவது 90 சதவீதம். இரவு இருமல் நின்றிருந்தது. மருத்துவர் அருகில் இருக்க, நெபுலைசரைத் தயாராக வைத்துக்கொண்டு டிரெட்மில்லில் ஏற்றினோம். சற்றே சரிவு வைத்து வேக நடை. மூன்றாவது நிமிடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இழுப்பு வந்துவிட்டது மேடம்" என்றாள். கண்ணில் அச்சம். நிறுத்தினோம்.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் விசில் சத்தம் துளியும் இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பைரோமெட்ரி 1.95, பத்தாவது நிமிடத்தில் 1.96. மூச்சுக்குழாய் சுருங்கவே இல்லை. நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 178 வரை போயிருந்தது. 13 வயதுப் பிள்ளைக்கு வேக நடையில் இவ்வளவு ஏறக்கூடாது. மூன்று நிமிடப் பயிற்சியை வைத்து அவளுக்கு ஓட்டத்தால் வரும் இழுப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஆறு முதல் எட்டு நிமிடமாவது கடினமாக உழைக்க வேண்டும். ஆனால் அன்று அவளை நிறுத்தியது ஆஸ்துமா அல்ல. ஐந்தாண்டு மரத்தடியில் உட்கார்ந்த உடல் அவளை நிறுத்தியது.

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்த மூன்று நிமிடங்களைத்தான். உழைத்தால் யாருக்கும் மூச்சு வாங்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை அந்த இயல்பான மூச்சு வாங்கலையும் இழுப்பின் தொடக்கமாக எண்ணி நிறுத்திவிடுகிறது. நிறுத்த நிறுத்த உடல் பலவீனமாகிறது. பலவீனமான உடலுக்கு இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. பெற்றோரும் ஆசிரியரும் அதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று கருதி இன்னும் கட்டுப்படுத்துகிறார்கள்.

வேறுபாட்டை அவளுக்கே கற்றுக்கொடுத்தோம். உடல் தகுதிக் குறைவால் வரும் மூச்சு வாங்கல் ஓடும்போதே உச்சத்தில் இருக்கும், நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும், கன்னம் சிவக்கும், வியர்க்கும், சத்தம் வராது. ஓட்டத்தால் வரும் ஆஸ்துமா இழுப்பு பெரும்பாலும் நின்ற பிறகுதான் கூடும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், மருந்தில்லாமல் தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இருமலும், மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தமும் வரும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வளரிளம் பருவத்துப் பெண்கள் சிலருக்குக் கடுமையாக ஓடும்போது குரல்வளையே குறுகும். அப்போது மூச்சை உள்ளே இழுக்கையில் சத்தம் வரும், தொண்டையைப் பிடிப்பது போலிருக்கும், நின்றவுடன் சில நிமிடங்களில் சரியாகும், பம்ப் எந்தப் பலனும் தராது. இவளுக்கு அது இல்லை. ஆனால் பம்ப் கேட்காத ஆஸ்துமா என்று சொல்லி மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஓடும்போது குழாய் ஏன் சுருங்குகிறது?

அமைதியாக இருக்கும்போது மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வேகமாக ஓடும்போது வாய்வழியாக ஏராளமான காற்று நேராக உள்ளே போகிறது. அதை ஈரமாக்கும் வேலையில் மூச்சுக்குழாயின் உள்சவ்வு தன் நீரை இழக்கிறது. நீர் குறைந்து உப்பின் செறிவு கூடியதும் அங்குள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் போன்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை குழாயைச் சுற்றியிருக்கும் தசையைச் சுருக்குகின்றன. ஏற்கெனவே அழற்சி உள்ள குழாயில் அந்தச் செல்கள் அதிகம். புடெசோனைடை ஒழுங்காக எடுத்தால் ஓட்ட இழுப்பும் குறைவது இதனால்தான். மூக்கடைப்பைச் சரிசெய்யாமல் ஓடவைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த விளக்கத்திலிருந்து கடலூருக்கு ஒரு நன்மை கிடைக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு நீச்சல் நல்லது என்று பாடநூல்கள் எழுதுவது, நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்று ஈரமானது என்பதால். அந்த ஈரக்காற்று தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலை நேரத்தில் சும்மாவே கிடைக்கிறது. குளிர்ந்த வறண்ட காற்றைப் பற்றிய எச்சரிக்கை ஊட்டிக்கும் குளிரூட்டப்பட்ட உள்ளரங்குகளுக்கும் பொருந்தும். நம் கரையோரத்தில் கெடுதல் செய்பவை வேறு: மழைக்காலத்துப் பூசணம், சளிக் காய்ச்சல், குப்பை எரிக்கும் புகை, தீபாவளிப் பட்டாசு, போகிப் புகை. முதுநகர்ப் பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்வது ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று அடித்து மூக்கில் நெடி ஏறும் நாளில் வெளியே ஓட வேண்டாம். அன்று வீட்டுக்குள்ளேயே படியேற்றமும் தசைப் பயிற்சியும் போதும்.

பயிற்சி

தொடக்கத்தில் ஆறு நிமிடத்தில் 430 மீட்டர் நடந்தாள். வாரம் மூன்று மாலை மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கிலும், ஞாயிற்றுக்கிழமை தந்தையோடு வெள்ளிக் கடற்கரையில் ஈரமணல் ஓரமாகவும் நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. வேகத்துக்கு அவ்வளவுதான் அளவுகோல். 20 நிமிடத்தில் தொடங்கினோம். மூன்றாவது வாரத்திலிருந்து அரை நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. வீட்டில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்ற எளிய தசைப் பயிற்சிகள். முதல் மாதத்தில் பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பு இரண்டு பஃப் சால்புட்டமால் எடுக்கச் சொன்னார் மருத்துவர். அச்சம் குறையட்டும் என்பதற்காக. பிறகு அதை நிறுத்தினோம். நாள்தோறும் பயிற்சிக்கு முன் சால்புட்டமால் எடுத்துக்கொண்டே போனால் அதன் காக்கும் ஆற்றல் மங்கும். அது தொடர்ந்து தேவைப்பட்டால் அழற்சி மருந்து போதவில்லை என்று பொருள்.

எந்த விளையாட்டு என்று கேட்டபோது தயங்காமல் கோகோ என்றாள். மரத்தடியில் உட்கார்ந்து ஐந்தாண்டு பார்த்த விளையாட்டு. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. விரட்டும் அணியில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஓடுவார். சில நொடி பாய்ச்சல், முதுகில் தட்டி 'கோ' கொடுத்துவிட்டு உட்காருதல். இப்படி விட்டு விட்டு ஓடும் விளையாட்டுகள், இடைவிடாத நெடுந்தூர ஓட்டத்தைவிட மூச்சுக்குழாயை மிகக் குறைவாகவே உலர்த்துகின்றன. உட்காரும் நேரமே அவளுக்கு ஓய்வு. ஓடித் தப்பும் முறை வரும்போது மட்டும் தொடர்ந்து ஓட நேரிடும். அதைக் கடைசியில் சேர்த்தோம்.

உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு இவளிடம் தனி இடம் கொடுத்தோம். பத்துப் பதினைந்து நிமிடம், நடுவே அரை நிமிடச் சிறு பாய்ச்சல்கள். ஓட்டத்தால் இழுப்பு வருபவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, ஒரு முறை மூச்சுக்குழாய் தூண்டப்பட்ட பிறகு ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை மீண்டும் எளிதில் சுருங்குவதில்லை. இவளுக்கு அது பொருந்துகிறதா என்று 12 வாரப் பயிற்சிக்குப் பின் இரண்டு வெவ்வேறு நாட்களில் பார்த்தோம். சூடேற்றாமல் ஆறு நிமிடம் ஓடியபோது எஃப்.ஈ.வி.1 2.02-லிருந்து 1.78-ஆக, 12 சதவீதம் இறங்கியது. 10 சதவீதம் இறங்கினாலே ஓட்டத்தால் வரும் சுருக்கம் என்று கொள்வார்கள். ஆகவே அவளுக்கு அந்தத் தன்மை உண்டு. சூடேற்றிவிட்டு ஓடிய நாளில் 2.03-லிருந்து 1.92, வெறும் 5 சதவீதம். இந்த எண்களை அவளிடமே காட்டினேன். அன்றிலிருந்து சூடேற்றாமல் களத்தில் இறங்கச் சொன்னால் அவளே மறுக்கிறாள்.

அதே சமயம் ஆறு நிமிட நடை 540 மீட்டரைத் தொட்டது. இரண்டாம் மாடிக்கு நிற்காமல் ஏறினாள். எடை ஒரு கிலோதான் குறைந்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று தாயிடம் சொன்னேன். ஸ்பைரோமெட்ரி அளவு பயிற்சியால் குறிப்பிடும்படி உயரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2013-இல் வெளிவந்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வும் 21 ஆய்வுகளை ஆராய்ந்து இதையே சொன்னது. உடற்பயிற்சி ஆஸ்துமா உள்ளவர்களின் உடல் தகுதியை உயர்த்துகிறது, அவர்கள் அதை நன்றாகத் தாங்குகிறார்கள், ஆனால் ஓய்வுநிலை நுரையீரல் அளவுகளில் பெரிய மாற்றம் இல்லை. குழாயைத் திறந்து வைப்பது மருந்தின் வேலை. பயிற்சியால் இதயமும் தசையும் தேறுகின்றன, குறைந்த மூச்சில் கூடுதல் வேலை செய்ய முடிகிறது. "பிராணாயாமம் செய்தால் பம்பை விட்டுவிடலாமா?" என்று தந்தை கேட்டதற்கும் இதே பதில்தான். செய்யட்டும், படபடப்பு குறையும், பம்பை விடக்கூடாது.

பள்ளியில்

விலக்குக் கடிதத்தின் இடத்தில் மருத்துவர் வேறொரு கடிதம் எழுதினார். இவள் எல்லா விளையாட்டிலும் கலந்துகொள்ளலாம், சூடேற்றிய பிறகே ஓடவேண்டும், களைப்பாக இருந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ள விடவேண்டும், பம்பும் ஸ்பேசரும் தலைமையாசிரியர் அறையில் பூட்டி வைக்கப்படாமல் அவள் பையிலேயே இருக்க வேண்டும். பி.இ.டி. டீச்சர் பயந்தார். "எனக்கு மைதானத்தில் அறுபது பிள்ளைகள் மேடம். இவளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" நியாயமான பயம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு ஓட்டத்தால் வரும் மூச்சுக்குழாய் சுருக்கம் இருந்ததையும், அவர்கள் 41 பதக்கம் வென்றதையும் சொன்னேன். அவருக்கு அதைவிட உதவியது ஒரு தாளில் எழுதிக் கொடுத்த நடைமுறைதான்.

இழுப்பு வந்தால் உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். சால்புட்டமால் பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி ஒவ்வொன்றாக நான்கு பஃப். நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லை என்றால் மீண்டும் நான்கு. அப்போதும் குறையவில்லை, அல்லது ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள், வண்டி வரும் வரை அதையே தொடருங்கள். யாரும் சூழ்ந்து நின்று விசிற வேண்டாம். டீச்சர் அதைத் தம் விசிலோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

நவம்பர் மழையில் சளிக்காய்ச்சல் வந்து இழுப்பு கூடியது. விளையாடிக்கொண்டிருந்தபோது வந்ததல்ல, வீட்டில் இரவில் வந்தது. மருத்துவர் அவசர மருந்தைக் கூட்டினார், நெபுலைசர் தேவைப்படவில்லை. ஆனாலும் பள்ளியிலும் வீட்டிலும் எல்லோருக்கும் பழைய கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. "இந்த ஆண்டு மட்டும் உட்காரட்டுமே" என்றார் ஆயா. காய்ச்சலும் இரவு இருமலும் உள்ள வரை பயிற்சி இல்லை, பீக் ஃப்ளோ அளவு, அதாவது வேகமாக ஊதும்போது மூச்சு வெளியேறும் உச்ச வேகம், வழக்கமான நிலைக்குத் திரும்பியதும் பாதி வேகத்தில் நடையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாயிற்று. பத்து நாளில் மீண்டும் களத்துக்கு வந்தாள்.

இப்போது வகுப்பு அணியில் விரட்டும் வரிசையில் ஆடுகிறாள். ஓடித் தப்பும் முறையில் இன்னும் திணறுகிறாள், அதற்கான தொடர் ஓட்டப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. ஐந்து முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவை வாரத்தில் நான்கு நாள் எட்டுகிறாள். சால்புட்டமால் மாதம் ஒன்றிரண்டு முறை மட்டுமே தேவைப்படுகிறது. போகியன்று பயிற்சி இல்லை, சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பது என்று குடும்பமே தீர்மானித்திருக்கிறது. புடெசோனைடு அளவைக் குறைக்கலாமா என்பதை மழைக்காலம் முழுதாகக் கழிந்து, மூன்று மாதம் தொந்தரவில்லாமல் போன பிறகு பார்க்கலாம் என்று மருத்துவர் தள்ளிவைத்திருக்கிறார்.